உப்பளத்தில் இருண்ட திரை

கதவு சாத்திய சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை. அதற்குப் பிறகு வந்த சத்தம்தான் பயமுறுத்தியது. வெளியே இரும்புக் கம்பி இறங்கிக் கொளுவிக்கொண்டது. யாரோ பூட்டை அமுக்கினார்கள். காலடிகள் உப்பை நொறுக்கிக்கொண்டு தூரமாகப் போயின.

“காத்துல சாத்திருக்குமோக்கா?” என்றேன்.

“காத்து பூட்டுப் போடுமாலே?”

இருட்டுக்குள்ளிருந்து வந்த அந்தக் குரல் என் முதலாளி அருணாசலவடிவுடையது. தூத்துக்குடியில் பாளை ரோட்டில், ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தார். எரிந்த சரக்குக் கிட்டங்கிகளைப் பார்த்துவிட்டு, ‘இது தானாகப் பிடித்த தீ இல்லை’ என்று உண்மையைச் சொல்லிச் சொல்லியே வேலையை இழந்தவர். நான் கிளாட்வின், பெரியதாழைக்காரன், அவருடைய உதவியாளன். பைக் ஓட்டுவது, டீ வாங்குவது, அடி விழுகிற இடத்தில் முன்னால் நிற்பது ஆகிய துறைகள் என் பொறுப்பில் இருக்கின்றன.

நாங்கள் மாட்டிக்கொண்டது முள்ளக்காடு தாண்டி ஓர் உப்பளத்தில். துறைமுகம் கழித்துக்கட்டிய பழைய கண்டெய்னர்களை வாங்கிவந்து வரப்புகளில் சாமான் அறையாகப் போட்டிருந்தார்கள். அப்படி நாலு கிடந்தன. நாலும் ஒரே நிறம், ஒரே துரு. ஒன்றின் கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து உப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வாடை வந்தது. எட்டிப் பார்க்கலாம் என்று நுழைந்தோம், பார்க்கும் முன் பூட்டிவிட்டார்கள்.

வெளியே உச்சி வெயில். விடியுமுன்னே வேலைக்கு வரும் உப்பளத்து ஆட்கள் வெயில் ஏறியதும் வேனில் ஏறி வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் கத்தினால் காது கொடுக்கக் கொக்குகள்தான் இருந்தன.

நான் போனை எடுத்துத் திரையைத் தட்டினேன்.

“அணைலே! கண்ணு அவிஞ்சு போச்சு!” என்று அக்கா அலறினார்.

என் போன் எந்த நேரமும் முழு வெளிச்சத்தில்தான் இருக்கும். பஸ்ஸில் எனக்கு வந்த மெசேஜைப் பின்சீட்டுக்காரர் படித்துவிட்டு, என்ன பதில் போடலாம் என்று யோசனை சொன்னதுகூட உண்டு. அக்கா அதை என் கையிலிருந்து பிடுங்கி, வெளிச்சக் கோட்டை இடது ஓரம் வரைக்கும் தள்ளினார். திரை சாம்பல் பூத்துப்போனது.

“காலையில முழுசா சார்ஜ் ஏத்தினதா சொன்ன?”

“ஆமாக்கா.”

“நாலு சதவீதம் இருக்கு. மிச்சத்த எல்லாம் இந்த வெளிச்சந்தாம்லே குடிச்சிருக்கு. சிக்னலும் இல்ல. சுத்தி இரும்பு, எப்படி வரும்?”

“ஒங்க போனு எங்கக்கா?”

“பாலகணேஷ் கார்ல, சார்ஜர்ல கெடக்கு.”

தகரக் கூரை சுட்டுக்கொண்டிருந்தது. இட்லிக் கொப்பரைக்குள் மாவு ஊற்றி மூடியைப் போட்டால் மாவுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நாங்கள் எதற்காக வெந்தோம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முந்தாநாள் ஸ்டெபி எங்கள் மாடிப்படி ஏறி வந்தாள். ஆலந்தலைப் பெண், கல்யாணமாகி ஒரு வருஷம். கணவன் ஜெஸ்டின் இந்த உப்புக் கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன். ஒரு மத்தியானம் லோடு ஏற்ற உப்பளத்துக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவன் செருப்பும் போனும் கடற்கரை மணலில் கிடந்தன. போனில் சிம் இல்லை. எடுத்த படங்கள் ஒன்றுகூட இல்லை. கடத்தல் வள்ளம் ஒன்றில் ஏறி இலங்கைக்கு ஓடிவிட்டான் என்று கம்பெனியில் சொன்னார்கள். போலீஸும் தலையாட்டியது.

“அவுக ஓட மாட்டாகக்கா. உசுரோட இருக்காகளா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க, போதும்” என்றாள் ஸ்டெபி. அழுது முடித்த குரல். அதற்கு மேல் கேட்க என்னால் முடியவில்லை.

அக்கா அந்தப் போனை வாங்கித் திறந்தார். திரை எரிந்த வேகத்தில் கண்ணைச் சுருக்கினார். “இந்த போனு எப்பவும் இப்படித்தான் எரியுமாம்மா?”

ஸ்டெபி அப்போதுதான் அதைக் கவனித்தாள். “இல்லக்கா. அவுகளுக்கு ஒத்தத் தலைவலி, வெளிச்சம் ஆகாது. நான் இருட்டு போனுன்னுதான் கேலி பண்ணுவேன். வீடியோ கால் போட்டா மூஞ்சியே தெரியாது. வெளிச்சத்தக் கூட்டுங்கன்னு எத்தன சண்ட போட்டிருக்கேன், ஒரு நாளும் கூட்டினதில்ல.”

அக்கா செட்டிங்கைப் பார்த்தார். சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்குத் தக்கபடி திரை தானாகக் கூடிக் குறைகிற ஆட்டோ வசதி அணைக்கப்பட்டிருந்தது. வெளிச்சக் கோடு வலது கடைசியில் முட்டி நின்றது.

“கடற்கரைல எவனாவது எடுத்து நோண்டிருப்பான், வெயில்ல தெரியலன்னு கூட்டி வச்சிருப்பான்” என்றேன்.

“வெயில்ல வச்சா ஆட்டோவே கூட்டிக் குடுத்துரும்லே. பெறவு அத எதுக்கு அணைக்கணும்? ஆட்டோ ஏமாந்து போற எடத்துல பழகினவன் எவனோ இதத் தொட்டிருக்கான். அந்த எடம் எதுன்னு பாக்கணும்.”

அந்த இடம் இன்றைக்குக் காலையில் தெரிந்துவிட்டது.

முதலில் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். மேனேஜர் பாலகணேஷ் திரைச்சீலை போட்ட ஏசி அறையில் உட்கார்ந்திருந்தார். தங்கமான மனிதர். ஜெஸ்டின் லாரி பக்கத்தில் நிற்கிற படத்தைக் காட்டுவதற்காகத் தன் போனை நீட்டினார். எனக்குக் கண் கூசியது. “என்ன அண்ணாச்சி, போக்கஸ் லைட்டா?” என்று கேட்டேன். “வயசாகுதுல்லா தம்பி” என்று சிரித்தார். உப்பளம் பக்கம் கால் வைத்து வருஷம் ஒன்றாகிறதாம், வெயில் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆனாலும் ஜெஸ்டின் சொந்தத் தம்பி மாதிரி என்பதால் தானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று காரை எடுத்தார்.

உப்பளத்து வரப்புகளில் எனக்குத் திசை தெரியாது. எல்லாப் பக்கமும் வெள்ளை, எல்லா வரப்பும் ஒன்றுபோலப் பிரிந்து பிரிந்து போனது. அண்ணாச்சி வாய் ஓயாமல் பேசிக்கொண்டே ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி எங்களைப் பம்ப்செட் வாசலில் இறக்கினார். வெயில் தாங்காமல் அக்கா குடையை விரித்தார், குனிந்து போனைப் பார்த்தார், உடனே “ஏலே, இங்க வா” என்று கூப்பிட்டார்.

அவர் போன் திரை கருகருவென்று கிடந்தது.

விஷயம் லேசானதுதான். போனுக்கு நெற்றியில் ஒரு கண் உண்டு, அது நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும். குடைக்குள்ளோ தலைத்துண்டுக்குள்ளோ குனிந்தால் அந்தக் கண்ணுக்கு நிழல்தான் தெரியும். நிழல்தானே என்று அது திரையை மங்க வைக்கும். நம் கண்ணுக்கோ காலடியில் இருக்கிற உப்பு மொத்த வெயிலையும் கீழேயிருந்து வாரி அடிக்கும். அதனால் உப்பளத்தில் போன் வைத்திருக்கிறவன் ஆட்டோவை அணைத்துவிட்டு, கையாலேயே முழுசாகக் கூட்டி வைத்துக்கொள்வான். நாளடைவில் அது கைப்பழக்கமாகிவிடும். யார் போன் கைக்கு வந்தாலும் முதலில் அதைத்தான் செய்வான்.

இவ்வளவையும் அக்கா எனக்குக் காதோடு சொன்னார். நான் பெருமை தாங்காமல் பாலகணேஷ் அண்ணாச்சிக்குக் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். “பெரிய மூளை மேடம் ஒங்களுக்கு” என்றார். “அய்யோ, ஒங்க போன்ல சார்ஜே இல்லையே, கார்ல போட்டு வைக்கேன், டவுனுக்கு ஒரு எட்டு போயிட்டு வந்து தாரேன்” என்று வாங்கிக்கொண்டு போனார்.

பம்ப்செட்டில் இருந்தவர் மேஸ்திரி சுடலைக்கண்ணன். உப்புக்குள்ளேயே ஆயுசைக் கழித்த ஆள். எங்களிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நம்பரை அடித்துக் கொடுங்கள் என்று என் போனை நீட்டினேன். தொட்டார், திரை அசையவில்லை. மறுபடி தொட்டார். உப்பு அரித்துக் காய்த்துப்போன விரல், போன் அதை விரலென்றே மதிக்கவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றிய தன் பட்டன் போனை எடுத்து எனக்கு மிஸ்டு கால் கொடுத்தார். பிறகு ஆட்களோடு வேனில் ஏறிப் போனார்.

போனதாக நாங்கள் நினைத்தோம்.

“சுடலைக்கண்ணன் வேன்லேர்ந்து இறங்கி வந்து பூட்டிட்டாம்க்கா” என்றேன் இப்போது இருட்டில். “உப்பளத்துக்காரன்தான் வெளிச்சத்தக் கூட்டுவாம்னு நீங்கதான சொன்னிய? மூஞ்சியப் பாத்தப்பவே நெனச்சேன்.”

அக்கா என் தோளைப் பிடித்துக் கீழே அழுத்தினார். “கண்ண மூடி உக்காரு. கண்ணுக்கும் ஆட்டோ உண்டு. ஆனா அது நிதானமாத்தான் வேல செய்யும்.”

மூடினேன். வியர்வை புருவத்தைத் தாண்டிக் கண்ணுக்குள் வடிந்தது. இரும்புச் சுவர் முதுகைச் சுட்டது. எனக்குச் சின்ன இடம் ஆகாது, கோயிலில் பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள்ளேயே மூச்சு முட்டும். இங்கே செத்தால் என் அம்மாவுக்கு யார் சொல்வார்கள், அதுவும் உப்பளத்தில் வெந்து செத்தேன் என்று எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. அழுகை வரும்போல இருந்தது. வந்தால் தண்ணீர் வீண் என்று அடக்கிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது இருட்டு இளகியிருந்தது. துருப்பிடித்த ஓட்டைகள் வழியே ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தது. கதவின் இரண்டு பக்கமும் சாக்குகள் அடுக்கியிருந்தன. ஆணியில் உப்பளத்து ஆட்கள் போடுகிற கறுப்புக் கண்ணாடிகள் ஒரு கொத்தாகத் தொங்கின. நான் ஒரு சாக்கின் வாயைப் பிரித்து மோந்தேன். கடற்கரைக்காரன் மூக்கு பொய் சொல்லாது.

“கடல் அட்டைக்கா. அவிச்சுக் காய வச்சது. பிடிச்சாலே ஜெயிலு. உப்பு மூடைக்கு நடுவுல வச்சு ஏத்துதான் போல.”

“ஜெஸ்டின் இதப் படம் எடுத்திருக்கான், மாட்டிக்கிட்டான்” என்றார் அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது. “கிளாட்வின், அவன் காணாமப் போன அன்னைக்கு ராத்திரிலேர்ந்து கடல்ல காத்துன்னு வள்ளம் எதுவும் போகலல்லா?”

“ஆமாக்கா. இன்னைக்குக் காலைலதான் போகலாம்னு அறிவிச்சிருக்காவ. சாயங்காலம் எல்லாம் கெளம்பிரும்.”

“கடல் வழியா ஓடிட்டாம்னு சொன்னவன், அத உண்மையாக்கணும்னா அவனக் கடல்லதான் தள்ளணும். இத்தன நாளா வள்ளம் இல்ல. அப்ப ஜெஸ்டின் இன்னும் கரையிலதாம்லே இருக்கான். இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும்.”

ஸ்டெபியின் முகம் ஞாபகம் வந்தது. நாங்கள் இதற்குள் உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுடையது.

மூலையில் தரையோரம் உப்பு அரித்து ஒரு துளை விழுந்திருந்தது. என் கை நுழையும். பெரியதாழையில் பனை ஓலை என்று பட்டப்பெயர் வாங்கிய கை அது, முதல் தடவையாக உபயோகப்பட்டது.

“போன வெளிய நீட்டினா சிக்னல் கெடைக்கும். மெசேஜ இங்க அடிச்சு அனுப்பிட்டு நீட்டு, அதுவா போயிரும்” என்றார் அக்கா. “மொதல்ல நமக்குத் தெரிஞ்ச இன்ஸ்பெக்டர் ஹில்டாவுக்கு. எடத்தச் சொல்லு.”

“அவங்க திருச்செந்தூர் பந்தோபஸ்துல இருக்காங்களேக்கா? வந்து சேர நேரமாகுமே. நம்ம பாலகணேஷ் அண்ணாச்சிக்குப் போடுவோம், பக்கத்துல இருந்தா ஓடி வருவாரு.”

“அவருக்கும் போடு. ஆனா நான் சொல்லுத மாதிரியே அடி. ‘அண்ணாச்சி, ஜெஸ்டின் போன்ல அழிச்ச படத்த எல்லாம் திரும்ப எடுத்துட்டோம். போலீசுக்கு அனுப்பப் போறோம். ஒங்களப் பத்திக் கவலப்படாதிய.’ அவ்வளவுதான்.”

“படமே நம்மகிட்ட இல்லையே? காப்பாத்துங்கன்னு ஒரு வார்த்த?”

“அது வேண்டாம்லே. சொன்னத மட்டும் அடி.”

சாம்பல் திரையில் எழுத்தைத் தேடித் தேடி அடித்தேன். முழு வெளிச்சத்தில் வைத்திருந்தால் முதல் வரியிலேயே உயிரை விட்டிருக்கும். துளைக்குள் கையை விட்டேன். துருவின் விளிம்பு முழங்கையைக் கிழித்தது. தோள் வரைக்கும் சுவரில் ஒட்டிக்கொண்டு, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு கிடந்தேன். வெயில் விரலைப் பொசுக்கியது. எவனாவது வெளியே நின்று என் கையை மிதித்தால் என்ன செய்வது என்று தோன்றியது. இழுத்துக்கொள்ளவும் பயம், நீட்டிக்கொண்டிருக்கவும் பயம்.

டிங். கொஞ்சம் கழித்து இன்னொரு டிங்.

கையை உள்ளே இழுத்தேன். திரையில் இரண்டு மெசேஜும் போன அடையாளம். அடுத்த நொடி போன் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

“நல்ல புள்ள” என்றார் அக்கா. போனைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அவர் ஆணியிலிருந்து இரண்டு கறுப்புக் கண்ணாடிகளை எடுத்து, ஒன்றை என் நெற்றியில் ஏற்றிவிட்டார். கதவுக்கு இடது பக்கச் சாக்குக்குப் பின்னால் அவர், வலது பக்கம் நான். எதற்கு என்று கேட்டேன், வாயை மூடு என்றார். காத்திருந்தோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

கார் சத்தம். உப்பு நொறுங்கும் காலடி. நேராக எங்கள் கதவை நோக்கி வந்தது.

“மேடம்! தம்பி! உள்ளதான் இருக்கியளா? அந்தச் சுடலைக்கண்ணன் பூட்டிட்டுப் போயிட்டானா? இருங்க, தொறக்கேன்!”

பாலகணேஷ் அண்ணாச்சி! எனக்கு உயிர் வந்தது. எழுந்து கத்தப் போனேன். அக்காவின் கை இருட்டைத் தாண்டி வந்து என் வாயைப் பொத்தியது. அவர் வாய் என் காதோரம் வந்தது.

“நாலு கண்டெய்னர் கெடக்கு. நாம எதுல இருக்கோம்னு அவருக்கு எழுதினியாலே?”

நான் எழுதவில்லை.

பூட்டப்பட்டிருக்கிறோம் என்றுகூட எழுதவில்லை.

வெளியே சாவி பூட்டுக்குள் நுழைந்தது. பூட்டினவன் கையில்தானே சாவி இருக்கும்.

கதவு திறந்தது. வெள்ளை வெளிச்சம் வாசலை நிறைத்து நின்றது. அதில் அண்ணாச்சி கறுப்பு உருவமாக நின்றார், வலது கையில் ஒரு கம்பி. நாங்கள் அவருடைய செருப்பு வார் வரைக்கும் பார்த்தோம். உப்பு வெளிச்சத்திலிருந்து வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை.

“தம்பி, எங்க இருக்கிய?” கம்பியை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டு உள்ளே வந்தார். “அந்தப் போன மட்டும் குடுத்துருங்க, பேசிக்கிடலாம்.” இன்னும் நாலு எட்டு. ஒன்றும் தெரியாமல், எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வெளிச்சத்துக்காகத் தன் போனைப் பைக்குள்ளிருந்து எடுத்துத் தட்டினார்.

போக்கஸ் லைட் அவர் முகத்திலேயே அடித்தது. கொஞ்சநஞ்சம் பழக ஆரம்பித்திருந்த கண்ணும் போயிற்று. “ஆ!” என்று கையை உயர்த்தினார்.

“ஓடு!” என்றார் அக்கா.

கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு ஓடினேன். கம்பி என் முதுகுப் பக்கம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. வாசலைத் தாண்டிக் கதவை இரண்டு பேரும் உடம்பால் தள்ளினோம். கதவுக் கம்பியை இறக்கினேன். பூட்டு அதன் வளையத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அமுக்கினேன். கிளிக்.

என் வாழ்க்கையில் அதைவிட இனிமையான சத்தம் கேட்டதில்லை.

உள்ளே அண்ணாச்சி கதவைக் குத்தினார். அக்கா காருக்குப் போனார், சார்ஜரிலிருந்து தன் போனைக் கழற்றினார், தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்துவிட்டு மீதியை எனக்குக் கொடுத்தார். குடையை விரித்துக்கொண்டு துருத் துளைக்குப் பக்கத்தில் போய் நிதானமாகக் குந்தினார்.

“அண்ணாச்சி, ஜெஸ்டின் எங்க?”

“எனக்கென்ன தெரியும்? கதவத் தொறங்க! எனக்கு நெஞ்சு அடைக்கு!”

“எங்களுக்கும் அடைச்சுது.”

“நான் ஆபீஸ்காரன் மேடம்! உப்பளத்துக்கே நான் வந்ததில்ல!”

“வராதவருக்கு ஏன் அண்ணாச்சி ஏசி ரூம்ல, திரைச்சீலை போட்டு உக்காந்து, இவ்வளவு வெளிச்சம்? வயசாச்சுன்னா எழுத்தப் பெருசாக்குவாவ. ஆட்டோவ அணைக்க மாட்டாவ. இத்தன வரப்புல, பேசிக்கிட்டே, ஒரு எடத்துலகூடத் தயங்காமக் கார் ஓட்டிட்டு வந்திய. என் போனையும் வாங்கி வச்சுக்கிட்டிய. எனக்கு அப்பவே உறுத்துச்சு. ஆனா உறுத்தல வச்சு யாரயும் பிடிக்க முடியாது. அதான் ஒரு மெசேஜ் போட்டேன்.”

“அப்ப சுடலைக்கண்ணன்?” என்று நான் கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. திரை மதிக்காத விரலை வைத்துக்கொண்டு அவர் எந்த வெளிச்சக் கோட்டைத் தள்ளியிருக்க முடியும்? முகத்தைப் பார்த்து ஓர் அப்பாவியை நான் சந்தேகப்பட்டேன். தங்கமான மனிதர் என்று சொன்னேனே, அதையும் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“நானும் முழு வெளிச்சத்துலதானக்கா வச்சிருக்கேன். என்னய ஏன் சந்தேகப்படல?”

“ஆட்டோன்னு ஒண்ணு இருக்கதே ஒனக்கு முந்தாநாள்தாம்லே தெரியும்.”

உள்ளே குத்துவது குறைந்தது. இருமல் வந்தது. அக்கா துளைக்கு வாயை வைத்து, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “இன்ஸ்பெக்டர் வந்துக்கிட்டு இருக்காங்க. ஜெஸ்டின் உசுரோட கெடச்சா ஒங்களுக்கு ஒரு கேஸு. கெடைக்கலன்னா வேற கேஸு. யோசிச்சுக்கிடுங்க, அவசரம் இல்ல. உள்ள நல்லா வேகும்.”

ரொம்ப நேரம் வேகவில்லை.

“பழைய மோட்டார் ரூம்” என்று அந்தத் துளைக்குள்ளிருந்து குரல் வந்தது. “வடக்கு வரப்புல. சாவி கார்ல இருக்கு.”

மோட்டார் ரூமுக்கு ஜன்னல் இல்லை. செங்கல் கட்டடம், தகரக் கதவு. நான் பூட்டைத் திறந்து கதவை விரியத் தள்ளப் போனேன். அக்கா கையைப் பிடித்துத் தடுத்தார். “அவனுக்கு வெளிச்சம் ஆகாதுலே. காணாமப் போன நாள்லேர்ந்து இருட்டுல கெடக்கான். மெதுவா.”

ஒரு சாண் திறந்து, பக்கவாட்டில் நுழைந்தோம். மூலையில், கைகள் முன்னால் கட்டப்பட்டு, சுவரில் சாய்ந்து ஒருவன் கிடந்தான். அவன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கும் வரை என் நெஞ்சு நின்றிருந்தது. அக்கா தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி அவனுக்கு மாட்டினார். நான் கட்டை அவிழ்த்தேன். தண்ணீரை உதட்டில் நனைத்தோம்.

“ஸ்டெபி...?” என்றான்.

அக்கா தன் போனில் அவளுக்கு வீடியோ கால் போட்டார். அவன் கையில் கொடுப்பதற்கு முன், வெளிச்சக் கோட்டை மறக்காமல் ஓரத்துக்குத் தள்ளினார்.

“அக்கா? சொல்லுங்கக்கா.” ஸ்டெபி திரையில் வந்தாள். “என்ன ஒரே இருட்டா இருக்கு? யாரு அது?”

“நாந்தாம்ளா” என்றான் ஜெஸ்டின்.

நான் எட்டிப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூஞ்சி தெரியலையே” என்றாள் பிறகு. “எனக்கு ஒங்க மூஞ்சி தெரியலையே. வெளிச்சத்தக் கூட்டுங்க.”

நான் கதவைத் திறக்கத் திரும்பினேன். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தான். கயிறு அறுத்த மணிக்கட்டைத் தூக்கி, திரையை மேலிருந்து இழுத்து, வெளிச்சக் கோட்டைத் தன் விரலாலேயே வலது கடைசி வரை தள்ளினான். வெள்ளை வெளிச்சம் அவன் முகத்தில் அடித்தது. வலியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். ஆனால் போனை இறக்கவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை.

“இப்பத் தெரியுதாளா?”